பின்னால் நின்றவர்

கால்பந்து ஆட வரும் பிள்ளைகளில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் ஃபார்வர்டு ஆக வேண்டும் என்பார்கள். எங்கள் திண்டுக்கல்லிலும் அப்படித்தான். பேக்காக நில் என்றால் முகம் வாடிவிடும். பள்ளி நாட்களில் பேக்காகவே ஆடியவன் நான். அந்தப் பிள்ளைகளுக்குச் சையது நயீமுதீனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

ஹைதராபாத்தில் 1944-ல் பிறந்தவர். கொல்கத்தாவின் பெரிய கிளப்களுக்குப் பின்வரிசையில் ஆடியவர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே ஜப்பான். இரண்டு வருடம் முன்பு மெக்சிகோ ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வாங்கிய அணி. நம்மவர்கள் 1-0 என்று ஜெயித்தார்கள். அந்த ஒன்றைப் போட்டவர் பெயர் பதிவாகிவிட்டது. அந்தப் பூஜ்யத்தை யார் பெயரில் எழுதுவது? ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கமே இல்லை.

பேக்கின் வேலை எங்கள் ஊர்ப் பூட்டின் வேலை. திருட்டு நடக்காத இரவுகளுக்காக யாரும் பூட்டைப் பாராட்டுவதில்லை.

ஜர்னைல் சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவே மெச்சிய பேக். ஆனால் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தலையில் தையலோடு முன்வரிசைக்கு அனுப்பப்பட்டு, தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் போட்ட கோலைத்தான் இன்றும் சொல்கிறோம். அவர் தடுத்த பந்துகளைச் சொல்ல ஆளில்லை.

நயீமுதீன் ஆடி முடித்துக் கோச் ஆனார். கண்டிப்பானவர் என்று பெயர். 1990-ல் அவரிடம் பயிற்சி பெற்ற ஈஸ்ட் பெங்கால் கிளப் டூராண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என மூன்று கோப்பைகளையும் ஒரே ஆண்டில் வென்றது. அதே வருடம் துரோணாச்சாரியா விருது. ஆட்டக்காரருக்கான அர்ஜுனா விருதோ 1997-ல்தான் வந்தது, பாங்காக் பதக்கத்துக்கு 27 வருடம் கழித்து! சொல்லிக்கொடுத்ததற்கு முதலில் மரியாதை, ஆடியதற்குப் பிறகு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்த 27 வருடமும் அவர் மைதானத்தை விட்டுப் போகவில்லை என்பதுதான் ஆறுதல்.

இந்திய அணியின் கோச்சாக 1997-லும் 2005-லும் தெற்காசியப் பட்டம் வாங்கித் தந்தார். கராச்சியில் நடந்த 2005 இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 2-0 என்று வென்றது இந்தியா. மறுபடியும் ஒரு பூஜ்யம். ஆனால் சில மாதங்களில், 2006 பிப்ரவரியில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதே ஜப்பானிடம் இந்தியா 0-6 எனத் தோற்றது. விரைவில் அவர் பதவியும் போனது.

அந்த ஆறு கோலையும் அவர் தலையில் கட்டியது நியாயமில்லை. ஜப்பான் 1993-லேயே தொழில்முறை லீக் தொடங்கி, ஊர் ஊராகச் சிறுவர்களைத் தயார் செய்துவந்த நாடு. நாம் என்ன செய்தோம்? ஒரு கோச்சை மாற்றினோம்.

அவர் ஒதுங்கிவிடவில்லை. எழுபது வயதிலும் டாக்கா வரை போய்க் கிளப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

நம் ஊரில் டோர்னமென்ட் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதிக கோல் போட்டவனுக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள், கொடுங்கள். சிறந்த பேக்குக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். அதே உயரத்தில்.