மாஸ்க்கையும் பார்க்க வேண்டும்

வேலை கற்றுக்கொள்ள வரும் தம்பிகளிடம் கேபிளைக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளைக் கொடுப்பேன். எந்தக் கருவிக்கு எந்த ஐபி முகவரி என்று முதலில் அதில் எழுத வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிகளை 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நாமே பங்கிட்டுக்கொள்ளலாம். பங்கிடுகிறவர் எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருகிறவருக்கு எதுவும் தெரியாது. பிங் செய்து பார்த்து, பதில் இல்லாத எண்ணைக் காலி என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. அணைத்து வைத்திருக்கும் பிரிண்டரும் பதில் சொல்லாது.

போனும் லேப்டாப்பும் டிஹெச்சிபி கொடுக்கும் எண்ணில் ஓடட்டும். பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், வருகைப்பதிவு மெஷின் மூன்றையும் மற்றவர்கள் தேடி வருகிறார்கள். அவற்றின் எண் மாறக்கூடாது. ரௌட்டரில் மேக் முகவரியைப் பதிந்து நிரந்தர எண் ஒதுக்கலாம், அது சுத்தமான வழிதான். ஆனால் சின்ன அலுவலகங்களில் ரௌட்டரை மாற்றுகிறவர் அந்தப் பட்டியலைப் புதியதில் ஏற்றுவதில்லை. அங்கெல்லாம் கருவியிலேயே எண்ணை அமைத்துவிடுவேன், டிஹெச்சிபி பங்குக்கு வெளியே.

எண்ணைக் கவனமாகப் போடுகிறவர்கள்கூட சப்நெட் மாஸ்க்கை இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இதில்தான் பிறக்கிறது. அலுவலகம் வளர்ந்து, மாஸ்க்கை 255.255.254.0 என்று மாற்றியிருப்பார்கள். 192.168.10.0 முதல் 192.168.11.255 வரை இப்போது ஒரே நெட்வொர்க். பிரிண்டரில் மட்டும் பழைய 255.255.255.0 இருக்கும், எண் 192.168.10.40. பத்தில் இருக்கும் கணினிகளுக்கு அச்சு வரும், பதினொன்றில் இருப்பவற்றுக்கு வராது. 192.168.11.25-இலிருந்து அனுப்பிய செய்தி பிரிண்டருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் பிரிண்டரின் கணக்கில் 11 என்பது வெளியூர். பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கப் பார்க்கிறது. கேட்வே இடம் காலியாக இருந்தால் பதில் அங்கேயே நின்றுவிடும். கேட்வே சரியாக இருந்தால் ரௌட்டர் அதைத் திருப்பி உள்ளேயே அனுப்பிவிடலாம், அப்போது பிழை வெளியே தெரியவே தெரியாது. ஒரு நாள் ரௌட்டர் நின்றால், பதினொன்றிலிருந்து அச்சடிப்பதும் சேர்ந்து நிற்கும். பக்கத்து மேசைக்கு வேலை செய்வதால் எல்லோரும் கணினியைச் சந்தேகிப்பார்கள், டிரைவரைக் கழற்றி மாட்டுவார்கள்.

அதனால் எண் கொடுத்து முடித்ததும் கருவியை அணைத்து மறுபடி போட்டு, எண்ணும் மாஸ்க்கும் கேட்வேயும் அப்படியே நிற்கின்றனவா என்று அதன் திரையிலேயே படிக்கச் சொல்வேன். பிறகு நெட்வொர்க்கின் முதல் பாதியிலிருந்து ஒரு பிங், இரண்டாம் பாதியிலிருந்து ஒரு பிங். இரண்டும் வந்த பிறகே தாளில் மூன்றையும் எழுத வேண்டும்.