அறவியல் தாளும் ஆறாம் வார்டும்

முதுகலைத் தத்துவத்தில் அறவியல் தாளை நாங்கள் எழுவர் படித்தோம். பிற துறை நண்பர்கள் எங்களிடம் கேட்டது எப்போதும் ஒன்றுதான்: இதைப் படித்தால் நல்லவனாகிவிட முடியுமா? வில்லியம் லில்லியின் 1948ஆம் ஆண்டு நூலைக் கையில் வைத்திருந்த எங்களுக்கு அந்த நம்பிக்கை முதல் மாதமே கலைந்திருந்தது. ஒரு செயலை நல்லதென்று எதைக்கொண்டு சொல்கிறோம் என்பதே அத்தாளின் கேள்வி. நல்லவனாவது அவரவர் பாடு.

மில்லின் பயன்வழிக் கொள்கையை இரண்டு வாரத்தில் கடந்தோம். (ஏற்கெனவே தெரிந்த மளிகைக் கணக்கைப் போலிருந்தது அது.) கான்ட்டிடம் வந்ததும் வகுப்பு நின்றுவிட்டது. 1797இல் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கு மறுப்பாக அவர் எழுதிய சிறு கட்டுரைதான் காரணம். கொலைகாரன் ஒருவன் வாசலில் நின்று, உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பன் உள்ளேதான் இருக்கிறானா என்று கேட்கிறான். ஆம், இல்லை என்று விடை சொல்லியே தீரவேண்டிய நிலை. அப்போதும் பொய் கூடாது என்கிறார் கான்ட். நீ ‘இல்லை’ என்கிறாய்; உனக்குத் தெரியாமல் நண்பன் உண்மையிலேயே வெளியேறியிருக்கிறான்; தெருவில் அவனிடம் அகப்பட்டுச் சாகிறான். அந்தச் சாவில் உன் பொய்க்கும் பங்குண்டு என்பது அவர் வாதம்.

வள்ளுவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எப்படிச் செரிக்கும்? வாய்மை அதிகாரம், மாசில்லாத நன்மை தரும் பொய்யை மெய்யின் வரிசையிலேயே உட்கார வைக்கிறது. ஆனால் மகாபாரதம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. அசுவத்தாமன் இறந்தான் என்று சொல்லி, யானை என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் முணுமுணுத்த தருமனின் தேர், அதுவரை தரையில் படாமல் ஓடியது, அன்று மண்ணில் இறங்கியது. போரில் வென்றவனுக்கும் அந்தக் கணக்கு எழுதப்பட்டது.

இந்த விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோதுதான் எங்களில் ஒருவனின் தந்தைக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவரைத் தவிர வீட்டில் அனைவருக்கும் தெரியும். பார்க்கப் போன எங்களை அவன் தாயார் ஆறாம் வார்டின் தாழ்வாரத்திலேயே நிறுத்தினார். “அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம் தம்பிகளா. நீங்களும் அப்படியே சொல்லிடுங்கப்பா.”

உள்ளே அவர் எங்களைக் கேட்கவும் செய்தார். “டாக்டர் வெளியில என்ன தம்பி பேசிக்கிறார்?” ஒருவன் ஆரஞ்சு உரித்தான். இன்னொருவன் வயிற்றுக்கு ஆகாத உணவுகளைப் பட்டியலிட்டான். நாங்கள் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அவர் எங்கள் முகங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தேர்வு எப்போது என்று கேட்டார்.

திரும்பும் வழியில் நண்பன் கான்ட்டைப் பற்றிப் பேசவில்லை. ராஸைப் பற்றிப் பேசினான். 1930இல் வந்த டபிள்யூ. டி. ராஸின் நூலில் கடமைகள் மோதும் இடம் ஒன்று உண்டு. வலுவான கடமை மற்றதை வெல்லும். ஆனால் தோற்ற கடமை இல்லாமல் போய்விடுவதில்லை, நெஞ்சில் ஓர் உறுத்தலாகத் தங்கும். “அம்மாவுக்குக் கொடுத்த வாக்குதான் எனக்குப் பெரிசு. ஆனா அப்பாவுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு,” என்றான். உரைநூல்கள் பல பக்கங்களில் விளக்கியதைவிட அது எங்களுக்குத் தெளிவாக விளங்கியது.

அவ்வாண்டுத் தேர்வில் பொய் பற்றிய கான்ட்டின் கருத்தை ஆராய்க என்ற வினா வந்தது. நாங்கள் அறுவரும் எழுதினோம். அவன் ‘அல்லது’ என்பதற்குக் கீழிருந்த வினாவை எழுதினான்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் வீட்டுப் பத்திரத்தையும் காப்பீட்டுக் காகிதங்களையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக மகனுக்கு விளக்கியிருக்கிறார். மனைவி வந்ததும் அவற்றைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, அல்சர் கொஞ்சம் தேவலை என்றாராம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எங்களில் நால்வர் இன்றும் சொல்கிறோம். மற்ற மூவர் ஒப்புவதில்லை. அவர் மகன் அந்த மூவரில் ஒருவன்.