கையில் கட்டிய பட்டையும் கையை விடாத போனும்

குடும்பத்தோடு வெளியூர் போய் வந்தால் வீட்டுப் பெண்மணிக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை படத்தில் அவள் தலை நிமிர்ந்திருக்கிறது, எத்தனை படத்தில் குனிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அவ்வளவுதான்!

என் அக்கா அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் இருக்கிறாள். அவள் குடும்பத்தோடு 2018-ல் ஒரு தடவையும் 2023-ல் ஒரு தடவையும் புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை எடுத்த படங்களில் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டாம் தடவைப் படங்களில் அவளுடைய தலை வகிடுதான் தெரிகிறது!

1971-ல் திறந்த அந்த இடத்தைப் பூங்கா என்று சொன்னால் போதாது. நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள், ஏகப்பட்ட ஹோட்டல்கள், ஏரிகள் எல்லாம் சேர்ந்த ஒரு தனி ஊர் அது. அங்கே 2013-ல் ‘மாஜிக் பாண்ட்’ என்று ஒரு ரப்பர் பட்டையைக் கொண்டு வந்தார்கள். அது சம்பந்தப்பட்ட ஏற்பாடுகளுக்கெல்லாம் சேர்த்து நூறு கோடி டாலர் வரை செலவு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குப் பட்டை இனாம். அவரவர் பெயரைப் போட்டு, கேட்ட வர்ணத்தில், புறப்படும் முன்பே தபாலில் அனுப்பிவிடுவார்கள். குழந்தையின் கைக்குப் பெரிதாயிருந்தால் ஓரத்தை உரித்துவிட்டால் சரியாகிவிடும். என்ன சாமர்த்தியம், பாருங்கள்!

பட்டைக்குள்ளே ரேடியோ சில்லு இருக்கிறது. பூங்கா வாசலில் உள்ள மிக்கி முகத்தில் அதைத் தொட்டு, விரலையும் வைத்தால் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். ஹோட்டல் அறைக் கதவும் அதற்கே திறக்கும். கடையில் ரகசிய எண்ணை அழுத்திவிட்டால் கணக்கு அறையின் பேரில் ஏறிவிடும். கைப்பையே வேண்டியதில்லை.

“கல்யாணத்துக்கப்புறம் இன்றைக்குத்தாண்டி கையில் ஒன்றுமில்லாமல் நடக்கிறேன்!” என்றாள் அக்கா.

இதனால் அவளுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை முன்னாலேயே முடிந்திருந்தது. எந்த ராட்டினத்தில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று, ஹோட்டல்வாசிகள் 60 நாள் முன்னதாகவே முறை வாங்கி வைக்கலாம். அந்த இரவுகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் கண் விழித்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? இருந்தாலும், போன இடத்தில் அன்றைய தினம் அவளுடையதாக இருந்தது.

2021 ஜனவரியோடு பட்டையை இனாமாகக் கொடுப்பது நின்றது. அந்த வருஷமே பட்டையின் காரியத்தைப் போன் செய்ய ஆரம்பித்தது. வரிசையில் காத்திராமல் போவதற்கு 1999-ல் ஏற்பட்ட இலவச முறை 2020-ல் நின்றிருந்தது. 2021 அக்டோபரில் அதன் இடத்துக்கு ‘ஜீனி ப்ளஸ்’ வந்தது. ஆரம்பக் கட்டணம், வரி தவிர, நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலர். முதல் முறையைக் காலை ஏழு மணிக்குப் போனில் வாங்க வேண்டும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று நாள் முழுவதும் தேட வேண்டும். சாப்பாட்டுக்குச் சொல்லுவதும், வழி பார்ப்பதும் அதே போனில்தான்.

போனில் சௌகரியம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். எந்த ராட்டினத்தில் எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று அது உடனே சொல்லிவிடும். பட்டைக்கு வாய் ஏது? கம்பெனிக்கும் லாபம்: கண்ணாடியும் பாட்டரியும் விருந்தாளி வாங்கியவை. நாம் போகுமிடத்தைக் கவனிப்பதில் பட்டையும் போனும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

ஆனால் அன்று எங்கள் வீட்டில் நடந்ததற்கு ஆப்பைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. அத்தானின் போனிலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். அவர் போட்டுக்கொள்ளவில்லை!

“அம்மா, அடுத்தது எது?”

“அப்பாவைக் கேளேன்.”

“அப்பா போனில் அது இல்லையே!”

வாண வேடிக்கை ஆரம்பித்தபோது அக்கா கையடக்கப் பாட்டரிக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அதே ஆர்லாண்டோவில் 2017-ல் யூனிவர்ஸல் கம்பெனியார் ‘வால்கனோ பே’ என்ற தண்ணீர்ப் பூங்காவைத் திறந்தார்கள். தண்ணீரில் யார் போனைத் தூக்கிக்கொண்டு அலைவது? வாசலில் ஆளுக்கொரு பட்டையை இரவல் கொடுத்தார்கள். நம் முறை வந்ததும் அது தகவல் தரும். அதுவரை நீந்தலாம். அம்மாவும் நீந்தலாம்!

டிஸ்னியிலும் 2024 ஜூலையில் ஜீனி ப்ளஸ் பெயர் மாறியது. ஹோட்டல்வாசிகள் 7 நாள் முன்னதாகவே முறை வாங்கும் வசதி வந்தது. பட்டையும் ஒழிந்து போகவில்லை. 2022-ல் வந்த புது மாதிரியைக் காசு கொடுத்து வாங்கலாம். வேடிக்கை என்னவென்றால், பழைய பட்டைக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை. இதற்குப் போட வேண்டும்.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் போக வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: பட்டை அவள் கையில், ஆப் அத்தானின் போனில். அத்தான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாராம்.