பெற்றோரின் சம்மதத்துடன்

டி.ஐ.பி.ஜி. எண்டு சுருக்கமாகச் சொல்லப்படும் மூளைக் கட்டி பெரும்பாலும் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. நீல் ஆம்ஸ்ட்ரோங்கின் மகள் கரன் 1962 இல், இரண்டு வயதில், இந்த வகைக் கட்டியாலதான் இறந்தாள். ஏழு வருசத்தில தகப்பன் சந்திரனில கால் வச்சிட்டார். சிகிச்சையோ பல தசாப்தங்களாகக் கதிர்வீச்சைத் தாண்டவில்லை. அதாலயும் கிடைப்பது சில மாதங்கள்தான்.

கட்டி இருக்கிற இடம் அப்பிடி. மூச்சையும் விழுங்குவதையும் கவனிக்கிற மூளைத்தண்டுக்குள்ள, நல்ல கலங்களோட பின்னிப்பிணைந்து வளரும். வெட்டி எடுக்க ஏலாது. சோதனைக்கு ஒரு சின்னத் துண்டு எடுக்கவே வைத்தியர்கள் நீண்டகாலம் பயந்தார்கள். துண்டு இல்லையெண்டால் ஆய்வுகூடத்தில வளர்க்கக் கலமும் இல்லை. மருந்தை எதில பரிசோதிப்பது? பெரியாக்களின்ர கட்டிக்குப் பார்த்த மருந்துகளையே பிள்ளைகளுக்கும் குடுத்துப் பார்த்தார்கள்.

வழி திறந்தது, இறந்த பிள்ளையின் கட்டியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்த பெற்றோரால. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில மிஷேல் மொன்ஜேயின் குழு அப்பிடிக் கிடைத்த இழையத்திலிருந்து கலங்களை வளர்த்து, சுண்டெலிகளின் மூளையிலும் வைத்து, 2011 இல் அதை வெளியிட்டது. கலங்கள் வேறு ஆய்வுகூடங்களுக்கும் போயின. 2015 இல் பனோபினோஸ்டாற் எண்ட மருந்து அவற்றில் நன்றாக வேலை செய்தது தெரிந்தது. பிள்ளைகளில் அந்தளவு பலன் வரவில்லை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எல்லாத்தையும் விடாத ஒரு தடுப்பு இருக்கு. தட்டில வளரும் கலத்துக்கு அது இல்லை. மாதிரி எண்டால் மாதிரிதானே.

கலைப்பீடத்துக்காரர் நாங்கள் இந்த ஆய்வுகளை வாசித்தால், விஞ்ஞானத்தில பாதி விளங்காது. எங்களுக்கு நிண்டுபோற இடம் வேற: 'பெற்றோரின் சம்மதத்துடன்' எண்டு முறையியல் பகுதியில வருகிற அரைவரி. கலம் உயிரோட கிடைக்கவேணுமெண்டால், இறந்து சில மணித்தியாலங்களுக்குள்ள இழையத்தை எடுக்கவேணும். அப்பிடியெண்டால் பிள்ளை மூச்சோட இருக்கேக்கையே ஆரோ அந்தத் தாயிட்டயும் தகப்பனிட்டயும் கேட்டிருப்பினம். என்ன சொல்லித் தொடங்கியிருப்பினம்? பக்கத்து அறையில பிள்ளை முழிச்சிருந்ததா?

கலங்களுக்குப் பேர் இல்லை, எழுத்தும் இலக்கமும்தான். அது அந்தக் குடும்பங்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் எண்டு விளங்குது. எண்டாலும் 'ஆறாம் இலக்கக் கலம் மருந்துக்கு நன்றாக இணங்கியது' எண்ட மாதிரி ஒரு வசனத்தை எங்களால ஒரே மூச்சில வாசிக்க முடியுதில்லை. அந்த ஆறாம் இலக்கம் இப்பவும் எங்கேயோ ஒரு தட்டில பிரிந்துகொண்டுதான் இருக்கும்.