கணக்குக் கேட்டவர்களின் கணக்கு

சிறு மக்கள் இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் கோரிக்கைகளையும் போராட்டங்களையும் பதிவு செய்கிறார்கள். அந்த இயக்கங்களின் வரவுசெலவைப் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை. ஓர் இயக்கம் எவரிடம் பணம் பெறுகிறது என்பதே, அது எவரை எதிர்த்துப் பேச முடியும் என்பதைப் பல வேளைகளில் தீர்மானிக்கிறது.

1990 மே 1 அன்று ராஜஸ்தானின் பீம் பகுதியில் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் இதை முதலிலேயே உணர்ந்திருந்தது. அரசு நிதியும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம், தனிமனிதர் தரும் நன்கொடை போதும் என்பது அதன் முடிவு. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலிக்கு இணையான தொகையையே பெற்றனர். பஞ்ச நிவாரணப் பணிகளில் அக்கூலி மறுக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய இயக்கத்துக்கு, அது சிக்கனம் மட்டுமன்று, கொள்கையும்கூட.

1994 டிசம்பரில் கோட்கிரானாவில் நடந்த முதல் மக்கள் விசாரணையில் ஊராட்சிப் பணிகளின் செலவுப் பதிவுகள் உரக்க வாசிக்கப்பட்டன. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. அதைத் தாங்கியது வங்கிக் கணக்கன்று. கிராமங்களிலிருந்து வந்த தானியமும், நகரத்தார் தந்த காய்கறியும் சில்லறையும்தான். அங்கு ஒலித்த ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கம், 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை நீண்ட பாதையின் தொடக்கங்களுள் ஒன்று.

மற்றொரு வழியில் சென்ற அமைப்புகளின் நிலை வேறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற தொகையை இன்னொன்றுக்கு அளிப்பதையும் தடுத்தது. பெரிய அமைப்புகளின் வழியே நிதி பெற்றுவந்த சிற்றூர்க் குழுக்களுக்கு அந்த வாய்க்கால் ஒரே நாளில் அடைபட்டது. வாடகையும் கணக்கர் ஊதியமும் மட்டும் குறையவில்லை.

ஆயினும் ராஜஸ்தான் வழியை எல்லோருக்குமான மருந்தாகக் கொள்வது பிழை. அருணா ராய் போன்று ஆட்சிப் பணியைத் துறந்து வந்தவர்களின் மீதிருந்த நம்பிக்கையும் அங்கே ஒரு மூலதனமாக இருந்தது. அத்தகைய பெயர் எதுவுமில்லாத மூவர் குழு ஒன்று நன்கொடையை மட்டும் நம்பினால், முதலில் இழப்பது குடும்பப் பொறுப்புள்ள ஊழியரைத்தான். எஞ்சுவோர் வறுமையைத் தாங்க வசதி படைத்தவர்களாக இருப்பர்.

நிதியின் அளவைக் கொண்டு மட்டும் ஓர் இயக்கத்தின் நலத்தை அளக்க இயலாது. பணம் நின்றுபோன மாதத்திலும் அதற்கு அரிசி கொண்டுவந்து தருவோர் எத்தனை பேர் என்பதையும், அந்த மாதத்தில் அதைவிட்டு விலக நேர்ந்தவர் யார் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கை எழுத வேண்டும்.