இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே

பிள்ளைகளின் முன்னே "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எத்துணைக் கடினம் என்பதைப் பெற்றோராகிய நீங்கள் அறிவீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லத் தவறியதால் என் வீட்டில் நேர்ந்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

நான் மத்ரஸா ஆசிரியன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். கணிதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள், ஓரிரவு இஷாவுக்குப் பின் நோட்டுப் புத்தகத்துடன் வந்து அமர்ந்தாள். "வாப்பா, 1/3க்கும் 1/2க்கும் இடையே ஐந்து எண்கள் காண வேண்டுமாம்" என்றாள்.

இரு பின்னங்களின் பகுதியையும் ஆறாக்கினேன். 2/6, 3/6 என்று வந்தன. "இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே வேறு எண் ஏது? கேள்வியே பிழை. விடை இல்லை என்று எழுது" என்றேன். அவள் தயங்கினாள். "வாப்பா சொல்வதில் சந்தேகமா?" என்று அதட்டினேன். மறுபேச்சின்றி எழுதிக்கொண்டாள்.

மறுநாள் வாடிய முகத்தோடு திரும்பினாள். விடையின்மீது சிவப்பு மையால் குறுக்குக்கோடு இருந்தது. வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டார்களாம்.

"நான் சொன்னதென்று சொல்லியிருக்கலாமே, மகளே?"

"உங்களை எப்படி வாப்பா சொல்வேன்? நானே யோசித்து எழுதினேன் என்று சொல்லிவிட்டேன்."

நான் கூனிக் குறுகிப் போனேன். அறியாததை அறிந்தவன்போல் பேசிய என் பொய், அவள் நாவிலும் ஒரு பொய்யை வரவழைத்துவிட்டதே!

அதன் பின் அவளே எனக்கு ஆசிரியை ஆனாள். "ஆறு துண்டுகளாக வெட்டினால் இடையே ஒன்றும் அகப்படாது. இன்னும் சிறிதாக வெட்ட வேண்டும், வாப்பா" என்று சொல்லி, தொகுதியையும் பகுதியையும் ஆறால் பெருக்கினாள். 2/6 என்பது 12/36 ஆயிற்று. 3/6 என்பது 18/36 ஆயிற்று. இடையே 13/36, 14/36, 15/36, 16/36, 17/36 என ஐந்து எண்கள் வரிசையாக நின்றன! நூறால் பெருக்கினால் தொண்ணூற்றொன்பது எண்கள் கிடைக்குமாம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினாலும் நடுவில் 5/12 வந்துவிடும். இதற்கு முடிவே இல்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதையே அல்லவா நான் ஆண்டுதோறும் மத்ரஸாவில் கரும்பலகையில் எழுதி வருகிறேன்! ஒருவர் மனைவியையும் மூன்று ஆண்மக்களையும் மட்டும் வாரிசுகளாக விட்டு இறந்தால், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு ஆண்மக்களுக்கு. ஏழு மூவருக்குச் சமமாகப் பிரியாது. "பிரியாது" என்று சொல்லி நாம் எழுந்துவிடுவதில்லை. எட்டை மூன்றால் பெருக்கி இருபத்துநான்காக்குகிறோம். மனைவிக்கு மூன்று, மக்களுக்குத் தலா ஏழு எனக் கணக்கு நேராகிவிடுகிறது. ஃபராயிள் பாடத்தில் நான் நன்கறிந்த ஒன்றைப் பள்ளிக்கூடப் பாடத்தில் அடையாளம் காணவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் அல்ஜிப்ரா நூலின் பெரும்பகுதியை மரண சாசனம், பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அவர் காலத்தில் இவ்விரு கல்விக்கும் நடுவே சுவர் இருக்கவில்லை. சுவரை எழுப்பி வைத்திருந்தவன் நான்தான்.

அன்றிரவே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையதே என்று அவளுடைய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவள் அதை வாங்கியபோது முதல்நாள் வாட்டம் முகத்தில் இல்லை.

வாசகர்களே! உங்கள் பிள்ளை அறியாத ஒன்றைக் கேட்டு வந்தால், "தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. இடையே ஒன்றுமில்லை என்று நாம் முடிவுகட்டும் இடத்தில் எத்தனையோ இருக்கின்றன. சற்று நுணுக்கமாகப் பார்க்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும்.