பால்மரம் தளிர்க்கும் மாதம்

பிப்ரவரி 24

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் டெரண்டாக் இராணுவ முகாமும் இருக்கும் எங்கள் மலாக்கா ஊர் சுங்கை ஊடாங். ஆனாலும் செம்பனைகளுக்கு இடையே அங்கங்கே சிறுதோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இன்னும் நிற்கிறது. இப்போது இலை கொட்டும் காலம். தரை முழுக்கச் சருகு. மரம் சீவும் பெரியவரிடம் பால் எப்படி என்று கேட்டேன். "இலை கொட்டுற நேரத்துல பால் எங்க டீச்சர் இருக்கும்? புது இலை முத்தணும்ல" என்றார்.

வசந்தகாலக் கைவேலைக்கென்று கையில் கிடைக்கும் மாதிரித்தாள்களில் துலிப் பூ, முயல், செர்ரி மரம். அழகுதான். ஆனால் துலிப்பைத் தொட்டுப் பார்த்த பிள்ளை என் வகுப்பில் யாருமில்லை. பால்மரமோ அவர்களின் பாட்டி தாத்தாவுக்குச் சோறு போட்டது. தை கழிந்து வெயில் ஏறினால் இலை உதிரும், சில வாரத்தில் செம்புநிறத் தளிர் வரும், தளிரோடு சின்னச் சின்ன மஞ்சள் பூ. நமக்கு வசந்தம் இதுதான். இந்த ஆண்டு கைவேலை முழுவதையும் இந்த மரத்திலிருந்தே எடுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 26

காம்போடு பறித்த இலைகளைப் பிள்ளைகள் மணிலா அட்டையில் ஒட்டினார்கள். ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலை. நான்கு காம்பு ஒட்டியவன் பன்னிரண்டு என்றான், ஏழு ஒட்டியவள் இருபத்தொன்று என்றாள். மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் திணறும் ஒரு பையன், அட்டையைப் பார்த்துக்கொண்டே முப்பது வரை போய்விட்டான். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

ஒட்டி முடித்த பிறகு மரத்தின் கதையைச் சொன்னேன். பிரேசில் காட்டு மரம் இது. 1876இல் அதன் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின, 1877இல் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896இல் டான் சாய் யான் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தோட்டமாகவே நட்டார். "நம்ம மலாக்காவுலயா டீச்சர்?" என்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

முற்றிய இலைகள் கொஞ்சத்தைப் பழைய சாய வாளியில் மழைநீர் ஊற்றி ஊறப்போட்டிருக்கிறோம்.

மார்ச் 16

வாளியைத் திறந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நாற்றம் ஏன் என்பதே இன்றைய அறிவியல் பாடத்தின் முதல் கேள்வி. நீரில் உள்ள நுண்ணுயிர்கள் இலையின் மென்சதையை அழுக வைத்துவிட்டன. நரம்பு கட்டைத்தன்மை உள்ளது, அதனால் மிஞ்சியது.

இலையைத் தட்டில் பரப்பி, பழைய பல்துலக்கியால் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி மெல்லத் தட்ட வேண்டும். தேய்த்தால் கிழியும். பச்சைச் சதை கூழாகக் கழன்று நீரில் போகும். இரண்டு மூன்று முறை அலசி, நாளிதழ்த் தாளுக்குள் வைத்து மேலே அகராதியைப் பாரமாக ஏற்ற வேண்டும். அவசரத்துக்குச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. சிறு பிள்ளைகள் நடுவே அது வேண்டாம். காத்திருப்பதும் அவர்கள் பழக வேண்டியதுதானே.

காய்ந்த இலையை ஒரு சிறுமி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "டீச்சர், பெரிய நரம்புக்கு நடுவுல கட்டம் கட்டமா இருக்கு, அதுக்குள்ளயும் நரம்பு!" கிளைப்பின்னல் நரம்பு என்று பாடநூலில் படித்ததுதான். இன்று அதன் ஊடே தன் விரலைப் பார்த்துவிட்டாள். உடனே செம்பனை ஓலையைக் கையில் கொடுத்தேன். அதில் நரம்பு நேர்கோட்டில் ஓடுகிறது. இரண்டையும் அருகருகே ஒட்டி, வேறுபாட்டைத் தமிழில் இரண்டு வாக்கியம் எழுதினார்கள். அறிவியல், மொழி, காட்சிக்கலை மூன்றும் ஒரே அட்டையில் முடிந்தன.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியை நினைத்துக்கொண்டேன். கைத்தொழில் தனிப்பாடம் அல்ல, பிற பாடங்கள் அதன் வழியாகவே வர வேண்டும் என்பது அதன் அடிப்படை. நூற்ற நூலை அளக்கும்போதே கணக்கு வந்துவிடும். படம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு அதைக் கைவேலை என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பிள்ளை முன்பு அறியாத ஒன்றை அந்தப் பொருளே சொல்லித்தர வேண்டும்.

ஏப்ரல் 10

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. குருத்தோலையில் தோரணம் பின்னினோம். மாணவர் ஒருவரின் அம்மா வந்து உதவினார். அதே ஓலையில் மலாய் அண்டைவீட்டார் கெத்துப்பாட் சோற்றுக்கான கூடு பின்னுவதைப் பார்த்திருந்த பிள்ளைகள், மேலே ஒன்று கீழே ஒன்று என்ற முறையைச் சட்டெனப் பிடித்துக்கொண்டார்கள்.

கோலத்துக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி. கூட்டினால் 25. நடுவில் கோடு கிழித்தால் இருபுறமும் ஒன்றே. சமச்சீர் பாடத்துக்கு இதுபோதும்.

பால்மரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. காய் முற்ற இன்னும் சில மாதம் ஆகும். அந்தக் காய்க்கும் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. வெயிலில் வெடித்துச் சிதறும்போது பொறுக்கிவைத்தால் பல்லாங்குழிக்கும் வகுத்தல் பாடத்துக்கும் ஆகும். விதையில் நச்சு உண்டு, வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பொறுக்கப் போகும் முன்பே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எழுதி அனுப்ப வேண்டும்.